டெஸ்ட் எடுக்கும் முன் மறுநாள் காலையை எழுதி வையுங்கள்

டெல்டாக்காரனுக்கு டெஸ்ட் என்றால் முதலில் ஞாபகம் வருவது பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கிடையாது, நெல் கொள்முதல் நிலையம்தான். குறுவையை அறுத்து, நெல்லைக் கொண்டுபோய்க் களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு நாள் ஐந்து நாள் காத்துக் கிடப்போம். கடைசியில் நம் முறை வரும்போது பட்டியல் எழுத்தர் ஒரு பிடி நெல்லை எடுத்து அந்தச் சின்ன மிஷினில் போட்டுத் திருகுவார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் சாக்கு பிடிக்கலாம். தாண்டினால் மறுபடி பரப்பு, மறுபடி கிளறு, மறுபடி மழை.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் என் நெல்லுக்கு 18.1 என்று காட்டியது. எழுத்தர் நெல்லை எடுத்தது குவியலின் அடியில், தார்ப்பாய் ஓட்டை வழியாக முந்தின ராத்திரி தண்ணீர் இறங்கியிருந்த பக்கம். "சார், மூணு இடத்துல எடுத்துப் பாருங்க" என்றேன். "அப்படி எடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு தம்பி?" என்றார். சண்டை போடும் ஆள் இல்லை அவர், நிஜமாகவே கேட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு எடுத்தார்: 16.6, 17.2, 16.8. சராசரி போட்டால் 17க்குக் கீழே. அதே நெல், அதே மிஷின், அதே காலை. எங்கே கை வைக்க வேண்டும், எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று அந்த மேசையில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன், என் பெண் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் வருடத்துக்கு இரண்டு முறையாவது யாராவது ஒருவர் எழுந்து "எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் வெச்சிடலாம்" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவோம், தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏறிவிடும். அந்த ஒரு வரியை எப்படி ஒழுங்காக எழுதுவது என்பதற்குத்தான் இது. தலைமையாசிரியர், வார்டு உறுப்பினர், ஆலை முதலாளி, சூப்பர்வைசர், கோயில் அன்னதானக் கமிட்டி, யாராக இருந்தாலும் சரி.

எதற்கு என்று முதலில் கேளுங்கள்

டெஸ்ட்டில் மூன்று ஜாதி உண்டு, மூன்றுக்கும் விதி வேறு. ஒன்று, டெஸ்ட் எடுத்துக்கொள்பவரின் நன்மைக்கு: சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, கண் பார்வை. இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்ற: காய்ச்சல் காலத்தில் தொற்று, டிரைவர் குடித்திருக்கிறாரா, சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கா. மூன்றாவது, நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ள: குடிநீர்த் தொட்டி, வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது.

முதல் வகைக்குக் கட்டாயம் தேவையே இல்லை, வரச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இரண்டாவதில்தான் ஓரளவு கட்டாயத்துக்கு நியாயம் இருக்கிறது, அதுவும் யாருக்கு ஆபத்து என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தால்தான். மூன்றாவதுக்குப் பெயரே வேண்டாம், நூறு பேரில் இருபது பேரிடம் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். நம் ஊரில் நடக்கிற தப்பெல்லாம் இந்த மூன்றையும் குழப்புவதில்தான். "உங்க நன்மைக்குத்தான்" என்று சொல்லிச் சர்க்கரை டெஸ்ட் எடுப்பது, அப்புறம் அந்த லிஸ்டைப் பார்த்து ஆள் குறைப்பது. இப்படி ஒரு தடவை நடந்தால் போதும், அந்த ஆலையில் அடுத்த பத்து வருடத்துக்கு எந்த முகாமுக்கும் ஆள் வராது.

மறுநாள் காலை

இதுதான் முக்கியம், மீதியை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். டெஸ்ட் எடுக்கும் முன்பே ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். "இருக்கு" என்று வந்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு யார் என்ன செய்வார்? "இல்லை" என்று வந்தால் யார் என்ன செய்வார்? இரண்டுக்கும் பதில் ஒன்றேதான் என்றால் டெஸ்ட்டே வேண்டாம், அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்குங்கள்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. வில்சன், யுங்னர் என்று இருவர் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக, ஒரு நோயை ஊர் முழுக்கத் தேடிப்போய்ப் பரிசோதிக்கும் முன் பார்க்க வேண்டிய பத்து நிபந்தனைகளை எழுதி வைத்தார்கள். கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்க வேண்டும், அதைத் தர வசதி இருக்க வேண்டும், யாரை நோயாளி என்று வைத்துக்கொள்வது என்பதில் முன்கூட்டியே ஒப்புதல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் பாடம்.

ஒரு பள்ளியில் பார்த்தேன். கண் பரிசோதனை நடந்தது, ஆறு மீட்டர் தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடி எழுத்து வாசிக்கச் சொல்லி, எல்லாம் முறைப்படிதான். பதினோரு பிள்ளைகளுக்குப் பார்வை குறைவு என்று பட்டியல் தயாரானது. அந்தப் பட்டியல் பீரோவுக்குள் போனது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரத் திட்டம் உண்டு, அதற்குத்தான் இந்தப் பரிசோதனையே. ஆனால் பட்டியலை யார் அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குக்கூட இல்லை. அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர் அடுத்த மாதமும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முன் பெஞ்சுக்கு மாற்ற எந்தத் திட்டமும் வேண்டாம், எந்த நிதியும் வேண்டாம். மறுநாள் காலை என்ன என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நான்கு பிள்ளைகளும் அன்றைக்கே எழுந்து முன்னால் வந்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கம் நல்ல உதாரணமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ஊர்ப் பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார், நோய் இருப்பவருக்கு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. பார்ப்பதும் கொடுப்பதும் ஒரே பையில். எங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஆச்சி ஒருத்தி, டவுனுக்குப் பஸ் ஏறி வரிசையில் நிற்க முடியாது என்பதற்காகவே மாத்திரையை நிறுத்தியிருந்தவள். "அந்தப் புள்ள வந்து கையில பட்டை சுத்திப் பாக்குது, வாங்கிப் போட்டுக்கறேன்" என்கிறாள்.

28 பேரில் 20 பேர்

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், மூட்டைக் கணக்கு தெரிந்தவருக்கு இது ஒன்றுமே இல்லை.

ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி. உண்மையில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கிய கிட், நோய் உள்ள 100 பேரில் 80 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நல்ல கிட்தான். இப்போது ஆயிரம் பேருக்கும் எடுங்கள். 10 பேரில் 8 பேர் மாட்டுவார்கள். மீதி 990 பேரில் 2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 20 பேர், நோயே இல்லாமல் மாட்டுவார்கள். ஆக 28 வீட்டுக்குப் போன் போகும், அதில் 20 வீடு சும்மா. அத்தோடு நிஜமாகத் தொற்று உள்ள 2 பேர் "எனக்கு இல்லை" என்ற தைரியத்தில் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதே கிட், அதே பள்ளி, ஆனால் ஊரெல்லாம் காய்ச்சல், 200 பேருக்குத் தொற்று. இப்போது 160 பேர் சரியாக மாட்டுவார்கள், பொய்யாக மாட்டுகிறவர்கள் 16 பேர்தான். கிட் மாறவில்லை, ஊர் மாறிவிட்டது. பதர் எடை ஏறக்குறைய அதே அளவுதான், நெல் குறைவாக இருந்தால் முறத்தில் பதர்தான் கண்ணில் தெரியும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. நோய் அரிதாக இருக்கும்போது எல்லோருக்கும் எடுக்காதீர்கள், அறிகுறி உள்ளவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர், அவர் வீட்டார் என்று வட்டம் போடுங்கள். 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நடந்தது இப்படித்தான். ஒரு மாணவிக்குக் கொரோனா உறுதியானதும் மற்றவர்களுக்கும் எடுத்துப் பார்த்தார்கள், எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. அந்த மாதம் 22ஆம் தேதியிலிருந்து மாநிலம் முழுக்க ஒன்பது முதல் பதினொன்று வரை வகுப்புகளை மூடினார்கள். ஒரு நூல் கிடைத்து, அதைப் பிடித்து இழுத்ததால் வந்த எண்ணிக்கை அது.

இரண்டாவது விதி, முதல் டெஸ்ட்டை வைத்து எவரையும் தண்டிக்காதீர்கள், வேறு முறையில் இரண்டாவதாக ஒன்று எடுங்கள். கொரோனாவில் தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டிபிசிஆரையே நம்பியது, அது துல்லியம் அதிகம், ஆனால் முடிவு வர ஒரு நாள் இரண்டு நாள். ரேபிட் ஆன்டிஜென் பதினைந்து இருபது நிமிடத்தில் சொல்லிவிடும், ஆனால் தப்பவிடுவது அதிகம். எது நல்லது என்று கேட்டால், மறுநாள் காலைத் தாளை எடுத்துப் பாருங்கள் என்பேன். முடிவு வருவதற்குள் அந்தத் தொழிலாளி மூன்று ஷிப்ட் முடித்துவிடுவார் என்றால் துல்லியம் இருந்து என்ன பிரயோஜனம்?

காசு குறைவு என்றால் ஒரு வழி உண்டு, கூட்டாக எடுப்பது. ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கர் 1943இல் யோசித்தது: ராணுவத்தில் சேருபவர்களுக்கு மேகநோய் இருக்கிறதா என்று ஒவ்வொரு ரத்தமாகப் பார்ப்பதற்குப் பதில் பலருடையதைக் கலந்து ஒரு தடவை பார்ப்பது, இல்லை என்றால் எல்லோரும் தப்பித்தார்கள், இருந்தால் மட்டும் தனித்தனியாகப் பார்ப்பது. நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் 2020 ஏப்ரலில் தொற்று 2 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஐந்து மாதிரி வரை கலக்கலாம் என்றது. நோய் பரவிவிட்டால் இந்த வித்தை பலிக்காது, எல்லாக் கலவையுமே மாட்டும், வேலை குறையாது, கூடத்தான் செய்யும்.

மிஷினும் கையும்

நெல்லுக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் எல்லை வைக்கிற விதிகளில் நமக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 17 ஏன்? ஈரமான நெல் கோணியில் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரவையில் நொறுங்கும். அத்தோடு எடை. 40 கிலோ மூட்டை 19 சதவீதத்தில் வாங்கி அது 17க்குக் காய்ந்தால் 39 கிலோதான் மிஞ்சும், ஏறக்குறைய ஒரு கிலோ தண்ணீருக்கு அரசு காசு கொடுத்த கணக்கு. நியாயமான கவலைதான். ஆனால் 16.9க்கு முழு விலை, 17.1க்கு ஒன்றுமே இல்லை என்பது ஒரு சுவர். சின்ன மானிகளில் அரை சதவீதம் முன்னே பின்னே வருவது சகஜம். அந்த அரை சதவீதத்தில் ஒரு குடும்பத்தின் பொங்கல் தொங்குகிறது. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழைக்குப் பிறகு மத்திய அரசு டெல்டாவுக்கு 20 சதவீதம் வரை தளர்த்தியது, அதற்கு முன்பும் பல முறை கடிதம் எழுதி, குழு வந்து பார்த்து, அப்புறம்தான் தளர்வு. அதற்குள் களத்தில் நெல் முளைத்துவிடும். ஒவ்வொரு வருடமும் கடிதம் எழுதுவதற்குப் பதில் சுவரைப் படிக்கட்டாக மாற்றி, இத்தனை சதவீதத்துக்கு இத்தனை கழிவு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பது என் கட்சி.

ஆகவே உங்கள் விதியில் எல்லை ஒன்று வைத்தால் மூன்று விஷயம் கூடவே எழுதுங்கள்: எங்கிருந்து மாதிரி எடுப்பது, எல்லையை ஒட்டி வந்தால் எத்தனை தடவை பார்ப்பது, மிஷினை எப்போது சரிபார்த்தார்கள்.

குடிநீரில் இந்தக் கை சமாச்சாரம் இன்னும் அதிகம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கள ஆய்வுப் பெட்டி தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மாதிரியைத் தொட்டிக்குக் கீழேயே பிடித்தால் குளோரின் இருக்கத்தான் செய்யும், பிளீச்சிங் பவுடர் போட்ட இடமே அதுதான். பிடிக்க வேண்டியது கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயில், அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் டேங்க் ஆபரேட்டருக்கு அன்று சாயங்காலமே சொல்ல வேண்டும். கிருமி பார்க்கும் சின்ன பாட்டில் ஒன்று உண்டு, தண்ணீரை ஊற்றி ஒரு நாள் இரண்டு நாள் வைத்தால் கறுப்பாக மாறும், மாறினால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து மூன்று நாள் பைக் பெட்டியில் வைத்திருந்தால் பாட்டிலைத்தான் பரிசோதிப்பார்கள்.

வேதாரண்யம் பக்கம் போனால் கதையே வேறு, அங்கே நிலத்தடியில் உப்பு, கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வந்தால்தான் குடிநீர். அங்கே உப்பளவு பார்ப்பது முக்கியம். எங்கள் பக்கம் அது அவ்வளவு முக்கியம் இல்லை. அடுத்த ஊர் தீர்மானத்தைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதும் கையைச் சேர்ந்ததே. ஹோட்டல்களில் உணவைக் கையாளுபவர்களுக்கு வருடம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. வேண்டியதுதான். ஆனால் ஜனவரியில் எடுத்த சான்றிதழ் ஜூன் மாதம் அந்தச் சமையல்காரருக்கு வருகிற வயிற்றுப்போக்கைப் பிடிக்காது. அதைப் பிடிக்க ஒரே வழி, "வயிறு சரியில்லை, இன்னைக்கு வரல" என்று அவர் சொன்னால் சம்பளம் வெட்ட மாட்டோம் என்று முதலாளி சொல்வது. இது டெஸ்ட்டே இல்லை, ஆனால் எந்த டெஸ்ட்டையும் விட அதிகம் பிடிக்கும். பள்ளி மதிய உணவை ஆசிரியர் ஒருவர் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பதும் இப்படித்தான், செலவில்லாத, தினமும் நடக்கிற, முடிவு உடனே தெரிகிற டெஸ்ட். ருசி பார்த்தவர் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரா என்று மட்டும் மேலாண்மைக் குழு ஆட்கள் அவ்வப்போது எட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்ட கையெழுத்து ஒரே பேனா மையில் இருக்கும், பார்த்ததும் தெரியும்.

கூலி, மானம், நோட்டு

நான் முன்பு வேலை பார்த்த ஆலை ஒன்றில் கேட்டில் மூச்சு பார்க்கும் கருவி வாங்கி வைத்தார்கள். முதல் வாரம் மூன்று பேர் மாட்டினார்கள், கூலி இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது வாரம் ஒருவர்கூட மாட்டவில்லை, முதலாளிக்குச் சந்தோஷம். உள்ளே வந்த பிறகு உமிக்குவியலுக்குப் பின்னால் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள் என்பது ஒருவர் கை பெல்ட்டில் சிக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கேட்டில் டெஸ்ட் இல்லாத காலத்தில் குடித்துவிட்டு வந்தவன் மதியத்துக்குள் தெளிந்துவிடுவான், டெஸ்ட் வந்த பிறகு மதியம்தான் தள்ளாடினான்.

அப்புறம் மாற்றினோம். மிஷின் பக்கம் நிற்பவர், லாரி ஓட்டுபவர், இவர்களுக்கு மட்டும் டெஸ்ட், நேரம் சொல்லாமல். மேலே வந்தால் வாய் கொப்பளிக்கச் சொல்லி 15 நிமிடம் கழித்து இரண்டாவது முறை, ஏனென்றால் இருமல் மருந்து, மவுத்வாஷ் இதெல்லாம்கூட வாயில் கொஞ்ச நேரம் காட்டும். இரண்டாவதிலும் வந்தால் அன்று மிஷின் பக்கமே போகக் கூடாது, ஓய்வறையில் உட்காரலாம், முதல் முறை பாதிக் கூலி உண்டு. பாதிக் கூலி எதற்கு என்று முதலாளி குதித்தார். கூலி முழுசாகப் போகாது என்று தெரிந்தால்தான் "இன்னைக்கு என்னை மிஷின்ல நிறுத்தாதீங்க அண்ணே" என்று ஆளே வந்து சொல்வான் என்று சொன்னோம், நடந்தது. டிரைவர்களுக்கு எல்லை சட்டத்திலேயே இருக்கிறது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். ஆலைக்கு நீங்கள் தனி எல்லை வைப்பதாக இருந்தால் அதை எழுதி ஒட்டுங்கள்.

சில டெஸ்ட்டுகளை நீங்கள் வைக்கவே முடியாது. வேலைக்குச் சேர்க்க எச்ஐவி டெஸ்ட் கேட்பது 2017 சட்டப்படி கூடாது, சம்மதம் இல்லாமல் எடுப்பதும் கூடாது, முடிவை வெளியே சொல்வதும் கூடாது. பள்ளியில் சேர்க்கவும் அப்படியே. "எல்லா ரத்தப் பரிசோதனையும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதும் தீர்மானத்தில் இது தெரியாமல் உள்ளே புகுந்துவிடும், அதனால் என்னென்ன டெஸ்ட் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

முடிவு எழுதும் நோட்டு யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது கிழிப்பது என்பதையும் சேருங்கள். பெண் பிள்ளைகளின் ரத்தசோகை அளவை வகுப்பிலேயே சத்தமாக வாசித்த இடமெல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகள் மறுமுறை முகாமன்று லீவு போடும். ஊர் என்பது சின்ன இடம், ஒரு வார்த்தை பெண் பார்க்க வருகிறவர் காது வரைக்கும் போகும்.

பரீட்சையும் டெஸ்ட்தான்

இதை நீட்ட மாட்டேன், தனியாகவே எழுதலாம். 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். 2017-18இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. ஆதரவும் எதிர்ப்பும் இரண்டு பக்கமும் கேட்டேன், அதே தாளைத்தான் நீட்டினேன்: பத்து வயதுப் பிள்ளை தோற்றால் மறுநாள் காலை என்ன? "அதே வகுப்பில் மறுபடி உட்காரும்" என்பதைத் தவிர பதில் வரவில்லை.

பக்கத்திலேயே 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பாருங்கள். முதலில் அடிப்படை மதிப்பீடு, அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு பயிற்சி. நடைமுறையில் ஆசிரியர்களுக்குச் செயலியில் பதிவேற்றவே பாதி நேரம் போகிறது என்கிற முனகல் எனக்குத் தெரிந்த டீச்சர்கள் எல்லோரிடமும் உண்டு, அது நியாயமான முனகலும்கூட. ஆனால் டெஸ்ட் முடிந்த மறுநாள் பிள்ளை உட்காரும் இடமும் கையில் இருக்கும் தாளும் மாறுகிறது. மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது "எத்தனை மார்க்" என்று இல்லை, "போன முறை அரும்பில் இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க டீச்சர்" என்பதுதான்.

தீர்மான வாசகம்

சரி, எழுதுவோம். பள்ளிக்கு ஒரு மாதிரி தருகிறேன், ஆலைக்கும் ஊராட்சிக்கும் வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள்.

"நம் பள்ளியில் 6 முதல் 8 வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு ஜூலை மாதம் முதல் வாரத்தில் கண் பார்வைப் பரிசோதனை செய்வது. நோக்கம், பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு உதவுவது மட்டும். பெற்றோர் வேண்டாம் என்றால் கட்டாயம் இல்லை. குறைவு எனத் தெரியும் பிள்ளையை அன்றே வகுப்பாசிரியர் முன்வரிசைக்கு மாற்றுவது, மூன்று நாளில் வேறொருவர் இரண்டாம் முறை பார்ப்பது, ஒரு வாரத்துக்குள் தலைமையாசிரியர் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஒப்புகை பெறுவது. பெயர்ப் பட்டியல் தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் மட்டும் இருக்கும். செப்டம்பர் கூட்டத்தில், பெயர் இல்லாமல், எத்தனை பேருக்குக் கண்ணாடி வந்தது என்று சொல்வது. இத்தீர்மானம் இக்கல்வியாண்டு முடிவோடு காலாவதியாகும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கொரோனா முடிந்து எத்தனையோ மாதம் கழித்தும் ஜவுளிக்கடை வாசலில் ஒரு பையன் மணிக்கட்டில் வெப்பமானியைக் காட்டிக்கொண்டே நின்றான், உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கும் குளிர்சாதனக் காரில் இறங்கியவருக்கும் ஒரே தலையாட்டல். 2022 ஜனவரியிலேயே ஐசிஎம்ஆர், அறிகுறி இல்லாதவர்களுக்கு, முதியவர், நாள்பட்ட நோயாளி போன்ற ஆபத்துள்ளவர்களைத் தவிர, தொடர்பில் இருந்தார் என்பதற்காகவே டெஸ்ட் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. எத்தனையோ அலுவலகங்களில் விதிக்கு முடிவுத் தேதி போடாததால் அதை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஊராட்சியில் குடிநீர் முடிவுகளை மார்ச் 22 கிராம சபையில், உலகத் தண்ணீர் தினத்தில், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தெருக் குழாய், எந்தத் தேதி, என்ன வந்தது, அப்புறம் என்ன செய்தார்கள், இந்த நான்கு கேள்வி போதும். நான்காவதில் எல்லோரும் செயலாளர் முகத்தைப் பார்ப்பார்கள்.

நெல் விஷயத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு ஈரப்பத மானி வாங்கிவிட்டோம். களத்திலேயே குவியலின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் பார்த்து, சீட்டில் எழுதிக்கொண்டுதான் நிலையத்துக்குப் போகிறோம். எங்கள் மிஷின் அவர்கள் மிஷினைவிட 0.4 குறைவாகக் காட்டுகிறது, அதையும் சீட்டின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம். போன சம்பாவில் எங்கள் சீட்டில் 16.8 வந்ததும் வண்டியைக் கட்டாமல் இன்னொரு மதிய வெயில் காயவிட்டோம்.